வேலிகாத்தான் வெட்டிய கோடை

உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிக்கிற வயதுக்கு நாமெல்லோரும் வந்துவிட்டோம். எங்காவது கல்யாணத்தில் சந்தித்துக்கொண்டால், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் முழங்காலைப் பற்றி விசாரிக்கிறோம். இந்தக் களைப்பு என்னவோ நமக்குத்தான் முதன்முதலாக வந்த மாதிரி பேசிக்கொள்கிறோம். நான் இதை முதலில் பார்த்த இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாம்பரத்தில், ரயில் பாதைக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் கிடந்த ஒரு துண்டு நிலத்தில், பத்து வயதில், என் அப்பா அம்மாவின் முகத்தில் பார்த்தேன். அப்போது அவர்களுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

எண்பதுகளில் அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வரிசை வீடுகள். எலக்ட்ரிக் ட்ரெயின் போகும்போதெல்லாம் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடிக்க ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, சத்தம் கடந்து போன பிறகு மீதியைச் சொல்வார். அப்பா ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் ஃபிட்டர். அம்மா வீட்டில். நான் ஒரே பிள்ளை.

அந்த வருடம் மார்கழியோடு அந்த நிலைமை மாறியிருக்க வேண்டும். அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்து நாள் கழித்து வெறும் கையோடு திரும்பி வந்தாள். அவளுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்களாம். கண் விழிப்பதற்குள் அப்பாவும் பெரியப்பாவும் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்துவிட்டார்கள். தூளி கட்டுவதற்காகத் துவைத்து மடித்து வைத்திருந்த பழைய புடவைகளை எதிர்வீட்டு அக்கா எங்கள் கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டு போனார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "அதப் பத்திப் பேசாதீங்க. பேசப் பேசத்தான் மனசு கெட்டுப் போகும்."

நாங்களும் பேசவில்லை. அதைப் பற்றி மட்டும் பேசாமல் இருப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியாததால் எதைப் பற்றியுமே பேசாமல் இருந்தோம். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்வார். அம்மா அரிசியில் கல் பொறுக்குவாள். கல்லே இல்லாத அரிசியிலும் பொறுக்குவாள். நான் வீட்டுப் பாடத்தை உரக்கப் படிப்பேன், யாருடைய குரலாவது கேட்கட்டும் என்று.

தை மாதம் அலுவலகப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பாதையோரம் சும்மா கிடக்கிற இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போட விருப்பமுள்ள ஊழியர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை. மூன்று மாதத்துக்குள் சுத்தம் செய்து பயிர் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அப்பாவுக்கு ஒன்பதாம் எண் விழுந்தது. வரிசையில் கடைசி.

அந்த நிலத்தை நாங்கள் முதலில் பார்க்கப் போன சாயங்காலம் நிலம் என்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்து சென்ட் இடம் முழுக்க வேலிகாத்தான் முள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. உங்கள் ஊரில் அதைச் சீமைக்கருவேலம் என்பீர்கள். அதன் காலடியில் உன்னிச்செடி, அதற்குள் புகுந்து ஏறிய ஏதோ ஒரு கொடி. ஓரத்தில் எருக்கு. யாரோ பல வருடமாகக் கொண்டுவந்து கொட்டிய உடைந்த ஓடும் சிமெண்ட் கட்டிகளும் உள்ளே கிடந்தன. அடிபம்பு இருந்தது முதல் நிலத்துக்குப் பக்கத்தில். எங்களுடையது பம்பிலிருந்து முந்நூறு அடி தள்ளி.

எட்டாம் எண்ணை எடுத்திருந்த, யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் மாமா அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு, "இன்னா சார், உனுக்கு ஆண்டவன் நெலம் குடுக்கல, காடு குடுத்துகீறான்" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "என்ன, பண்ணிடலாமா?" என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். இரண்டு மாதத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாளிலிருந்து தினமும் போனோம். அப்பா ஷெட்டிலிருந்து நேராக வந்து காக்கிச் சட்டையைக் கழற்றிக் கம்பி வேலியில் மாட்டிவிட்டு வெட்டுக்கத்தியை எடுப்பார். அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெட்டிப் போட்ட கிளைகளைக் கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு போய்க் குவிப்பாள். அந்த முள் சாதாரண முள் இல்லை. ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறும். வெட்டும்போது பச்சைக் கட்டையிலிருந்து ஒரு புளித்த வாடை வரும். அந்த வாடை அப்பாவின் பனியனிலும் அம்மாவின் முடியிலும் எங்கள் பாயிலும் அந்தக் கோடை முழுவதும் இருந்தது.

மேலே வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. அடிக்கட்டையைப் பறித்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் பத்தாம் நாள் மறுபடி துளிர்த்துவிடும். அப்பா கடப்பாரையால் சுற்றிலும் குத்திக் குத்தி, வேர் போகிற போக்கில் தானும் போய், ஒரு கட்டையை எடுக்க ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழிப்பார். வாழ்நாளெல்லாம் இரும்போடு வேலை செய்தவர். மண் அவருக்குப் பிடிபடவில்லை. கடப்பாரையைத் திருகும் முறையைப் பார்த்து மாமா பக்கத்து நிலத்திலிருந்து, "சார், அது நட்டு இல்ல சார், வேரு" என்பார்.

அந்தப் புதருக்குள்ளிருந்து என்னென்னவோ வந்தன. சிவப்புக் கண்ணாடித் துண்டுகள், ஏதோ பழைய கைவிளக்கின் மிச்சம். முழுதாக ஒரு பாம்புச் சட்டை. தக்கை போட்ட நீல மருந்து சீசா ஒன்று. சீசாவைக் கழுவி நான் வைத்துக்கொண்டேன். வெயிலில் பிடித்தால் தரையில் நீலமாக ஒரு நிழல் விழும். பிறகு எத்தனையோ வீடு மாறினோம். அது எந்த மாற்றத்தில் தொலைந்தது என்று தெரியவில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு நாள், அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிமெண்ட் கட்டியின் மேல் உட்கார்ந்தார். கைகளைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்திருந்தது.

"எனக்கு இதெல்லாம் ஆகாது பாப்பா" என்றார். "ஷெட்டுல எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து இங்க குனிஞ்சா முதுகு விண்ணு விண்ணுங்குது."

"அப்ப எதுக்குப்பா எடுத்தீங்க?"

"அம்மாவுக்காகத்தான். வீட்லயே அடைஞ்சு கெடந்தா அவளுக்கு மனசு சரியாகாதாம். கையில வேலை குடு, மண்ணுல எதையாவது வளர்க்கச் சொல்லுன்னு எங்க மேஸ்திரி சொன்னார். அவர் வீட்டம்மாவும் இப்படித்தான் தேறினாங்களாம்." பிறகு பம்புப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லிடாத. எனக்குத்தான் ரொம்ப ஆசைன்னு சொல்லி வச்சிருக்கேன். என்ன?"

நான் சரி என்றேன்.

அதற்கு நான்கைந்து நாள் கழித்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த முந்நூறு அடியை நடந்துகொண்டிருந்தபோது, அம்மா பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்தாள். முகமெல்லாம் வெளுத்திருந்தது. அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிரசவமாகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பது இப்போது, மூன்று பிள்ளை பெற்ற பிறகு, எனக்கு உறைக்கிறது. அன்று அவள் மூச்சு வாங்குகிறாள் என்று மட்டும் நினைத்தேன்.

"வீட்டுக்குப் போலாமா அம்மா?"

"வேணாம்டி. அப்பா தனியா இருப்பார்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆம்பளைங்களுக்கு வாய்விட்டு அழத் தெரியாது. எதையாவது வெட்டணும், இடிக்கணும். பெரியம்மா வந்திருந்தப்ப சொன்னாங்க, அவரை விட்டுடு, தடுக்காத, கூடவே நில்லுன்னு. இந்த நெலத்து மேல உசுரா இருக்கார். நான் முடியலன்னு சொன்னா அதையும் விட்டுடுவார்." பிறகு அவளும் அதையே சொன்னாள். "நான் இப்படி நின்னேன்னு அப்பாகிட்ட சொல்லாத."

அதற்கும் நான் சரி என்றேன்.

மேஸ்திரியையோ பெரியம்மாவையோ நான் குறை சொல்லவில்லை. பெரியம்மா கேளம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கோவளத்துக் கருவாட்டை மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு வந்து எங்களோடு ஒரு வாரம் இருந்தவள். நல்ல மனதோடுதான் சொன்னாள். இரண்டு பேருமே நன்றாக யோசித்துத்தான் சொன்னார்கள். அப்பாவிடம் யாரும் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை. இவரிடம் அவளைப் பற்றியும் அவளிடம் இவரைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனால் என்னை நான் அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியவில்லை. பத்து வயதில் இரண்டும் இரண்டும் சேர்ந்தால் நான்கு என்று தெரியும். இரண்டு ரகசியமும் என்னிடம் இருந்தன. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றைக்கே இருவரும் அந்தக் கடப்பாரையைக் கீழே போட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. அந்த நிலத்தில் அவர்கள் பேசிக்கொண்டார்கள். "அந்தப் பக்கம் பிடி." "பாத்து, முள்ளு." "கொஞ்சம் தள்ளு." "தண்ணி குடிக்கிறீங்களா?" அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வீட்டில் அதுவும் இல்லை. நிலம் போனால் அந்த நான்கு வார்த்தையும் போய்விடும் என்று பயந்தேன்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. முள் வெட்டி முடித்துக் குவியலுக்கு நெருப்பு வைத்தார்கள். நெருப்பு இரண்டு நாள் புகைந்தது. நிலம் முதல் தடவையாக வெறுமையாகத் தெரிந்தபோது நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சின்னதாக இருந்தது. இதற்காகவா இத்தனை நாள் என்று தோன்றுகிற அளவுக்குச் சின்னது.

அடுத்த வாரமே கோரை முளைத்தது. முள் இருந்தவரை நிழலில் ஒளிந்திருந்த கோரைப்புல் வெயில் பட்டதும் ஊசி ஊசியாகக் கிளம்பியது. பிடுங்கினால் மேலே உள்ளது கையோடு வரும். கீழே கிழங்கு அப்படியே இருக்கும். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து களைக்கொத்தால் ஒவ்வொரு கிழங்காகத் தோண்டித் தகர டின்னில் போடுவாள். ஒரு பக்கம் முடித்து மறு பக்கம் போவதற்குள் முதல் பக்கம் மறுபடி பச்சையாகிவிடும். அரிசியில் கல் பொறுக்கிய அதே முகத்தோடு அவள் அதைச் செய்தாள். அப்பா தூரத்திலிருந்து அவளைப் பார்த்துவிட்டு என்னிடம், "பாத்தியா, எவ்ளோ கவனமா செய்றா. தேறிட்டா" என்றார்.

வெண்டையும் கத்தரியும் போட்டார்கள். ஓரத்தில் முளைக்கீரை. பால் கவர்களில் முளைக்க வைத்த கத்தரி நாற்றுகளை நான்தான் எண்ணி எடுத்துக் கொடுத்தேன். சித்திரை வெயில் ஏற ஏற அடிபம்பில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. முப்பது தடவை அடித்தால் துரு வாடையோடு ஒரு கொடகொடப்பு வரும், பிறகுதான் தண்ணீர். ஒரு சாயங்காலத்துக்கு இருபது குடம். அம்மா பன்னிரண்டு, அப்பா எட்டு. சில நாள் அப்பா பன்னிரண்டு. யார் அதிகம் தூக்குவது என்று சத்தமில்லாமல் ஒரு போட்டி நடந்தது.

பாயின்ட்ஸ்மேன் மாமாவின் சம்சாரத்தை நான் அத்தை என்று கூப்பிடுவேன். வெற்றிலை போட்ட வாய், பெரிய உடம்பு, பெரிய குரல். அவர்கள் நிலத்தில் பாதிதான் பயிர். மீதியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மாமா படுத்துக்கொண்டு ரேடியோ கேட்பார். ஒரு நாள் அத்தை வரப்பில் வந்து நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தங்கச்சி, ரெண்டு பேரும் ஜெயில்ல கல்லு ஒடைக்கிற மாரி ஒழைச்சிக்கினுகீறீங்க? யாரு வெரட்டறது ஒங்கள?"

"அவருக்கு இதுல ரொம்ப ஆசைக்கா" என்றாள் அம்மா.

"அவரு மூஞ்சியப் பாத்தா ஆசப்படற மூஞ்சி மாரி தெர்லியே" என்று சொல்லிவிட்டு அத்தை வெற்றிலையைத் துப்பப் போனார். நான் குனிந்து நாற்றைப் பார்த்துக்கொண்டேன்.

வைகாசி தொடக்கத்தில் அம்மாவின் காலில் முள் ஏறியது. எரித்த பிறகும் மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழைய முள். நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நல்லெண்ணெய் காய்ச்சி ஒத்தடம் வைத்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நடந்து, தண்ணீர் சுமந்தாள். அப்பா கேட்டதற்கு, "செருப்பு கடிச்சிடுச்சு" என்றாள். நான்காம் நாள் சாயங்காலம் பம்படியில் குடத்தோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அத்தைதான் முதலில் ஓடி வந்தார். புடவையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அய்யய்ய, காலு இன்னாம்மா இப்டி வீங்கிக்கீது! முள்ளு ஏறிகீதா? வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? ஒடம்பு நெருப்பா கொதிக்குது. சார்! வுட்டுட்டு வா சார் அந்த மம்புட்டிய! ரிக்ஷா இட்டா!"

கணுக்காலுக்கு மேல் சிவப்புக் கோடாக ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் கீறி முள்ளை எடுத்தார்கள். கிராம்பு அளவுதான் இருந்தது. ஊசி போட்டு, பன்னிரண்டு நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார்கள்.

பள்ளிக்கூடம் லீவு. பெரியம்மா மறுபடி வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் தினமும் நான்கு மணிக்கு அவளோடு போய் அம்மாவின் கட்டிலருகில் உட்கார்ந்திருப்பேன். பினாயில் வாடை, பக்கத்துக் கட்டிலில் யாரோ உரிக்கும் ஆரஞ்சுப் பழத்தின் வாடை. அப்பா விடியற்காலை நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஷெட்டுக்குப் போய்விட்டு, திரும்ப நிலத்துக்குப் போய்விட்டு, பார்வையாளர் நேரம் முடிய அரை மணி இருக்கும்போதுதான் வருவார்.

அவர் வரும்வரை அம்மா என்னைக் கேட்பாள். "அப்பா நெலத்துக்குப் போறாரா? எனக்காக வேகமா வரணும்னு இல்ல, அங்க வேலைய முடிச்சிட்டே வரச் சொல்லு. அவருக்கு இப்ப அது ஒண்ணுதான் ஆறுதல்." வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா கேட்பார். "அம்மா நெலத்தப் பத்திக் கேட்டாளா?" "கேட்டாங்கப்பா." "பாத்தியா. படுத்த படுக்கையிலயும் அவளுக்கு அதே நெனப்பு. ஒரு செடியக்கூட வாட விடக் கூடாது." சொல்லிக்கொண்டே நடப்பார். சட்டைக் காலருக்குள் கழுத்து மெலிந்து தெரிந்தது. ஒரு நாள் ரயில் கேட்டில் நின்றபடியே தூங்கி, கேட் திறந்தது தெரியாமல் நின்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ இருக்கும். அப்பா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முன்னங்கையில் ஏதோ கம்பி கிழித்த நீளமான கோடு. அதைச் சட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, முகத்தை மலர வைத்துக்கொண்டு, "வெண்டை பூ விட்டிருக்கு" என்றார்.

"அப்படியா!" என்றாள் அம்மா. அவளும் முகத்தை மலர வைத்துக்கொண்டாள். "நல்லதுங்க. நான் வந்ததும் பாக்கறேன்."

இரண்டு முகத்தையும் நான் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அப்பா தூக்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கீழே போனார். பெரியம்மா வராந்தாவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு அந்த நெலம் பிடிக்கவே பிடிக்காது."

"என்னடி சொல்ற?"

"அவருக்கு முதுகு வலிக்குதாம். உனக்காகத்தான் எடுத்தாராம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

அம்மா தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "எப்ப சொன்னார்?"

"முள்ளு வெட்ட ஆரம்பிச்சாங்களே, அந்த வாரம்."

அம்மா விரலை மடக்கினாள். "மாசி... பங்குனி... சித்திரை..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்தன நாள் ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீயும் சொல்லக் கூடாதுன்னுதானே சொன்ன."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டி என் தலையில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா டீயோடு வந்தார். டம்ளரில் ஊற்றி ஆற்றி, "ஆறிடும், குடி" என்று நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"கொழந்த யாரு மாதிரி இருந்தான்?" என்று கேட்டாள்.

அப்பாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. அதை வைக்க இடம் தேடினார். கட்டிலின் மேல் வைக்கப் போய், பிறகு தரையில் வைத்தார். திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உன்ன மாதிரிதான்" என்றார். "முடி நெறைய இருந்துச்சு. வெரல் மட்டும் என்னுது. நீளமா."

"அழுதானா?"

"இல்ல. காட்டும்போதே இல்ல."

"நீங்க தூக்கினீங்களா?"

"தூக்கினேன். பஸ்ல போக முடியாதுன்னு அண்ணன் ஆட்டோ பிடிச்சார். மடியிலதான் வச்சிட்டுப் போனேன்." "வெயில் மூஞ்சில படக் கூடாதுன்னு கைய வச்சு மறைச்சிட்டே போனேன். பாரு, எதுக்குன்னு தெரியல. அப்படியே கைய வச்சிருந்தேன்."

அம்மா அழுத சத்தம் அந்த வார்டு முழுவதும் கேட்டது. அப்பாவும் அழுதார். வாய்விட்டு அழ அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆட்களை வெளியேற்ற மணியோடு வந்த நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டு, மணியை அடிக்காமல் அடுத்த வரிசைக்குப் போனார். பெரியம்மா வாசலில் நின்று, "பேசாதீங்கன்னு சொன்னேனே" என்று முணுமுணுத்துவிட்டு, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை அப்பா நிலத்துக்குப் போகவில்லை. ஏழு மணிவரை தூங்கினார்.

அம்மா வீடு திரும்பிய பிறகு, ஆனி மாதத்தில் ஒரு நாள், நிலத்தைத் திருப்பிக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனோம். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்தது அலுவலகம். அம்மா வர வேண்டிய அவசியமே இல்லை; கால் இன்னும் முழுதாக ஆறவில்லை. நானும் வருவேன் என்று நொண்டிக்கொண்டே வந்தாள். இதற்குள் வெண்டை காய்க்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் போகாத நாட்களில் அத்தைதான் தண்ணீர் ஊற்றியிருந்தார். நிலத்தை அவர்களே கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள்; வேர் வரைக்கும் சுத்தம் செய்து வைத்த நிலம் யாருக்குக் கசக்கும்? பிற்பாடு வாரம் ஒரு தடவை அத்தை ஒரு முறம் காயை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அம்மா அதைச் சந்தோஷமாகவே வாங்கிச் சமைத்தாள்.

கிளார்க் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், எண் எல்லாம் எழுதிக்கொண்டு வந்த அப்பா ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"காரணம்னு போட்டிருக்கே சார். என்ன எழுதறது?"

"எதுனா எழுதுங்க. எல்லாரும் சொந்தக் காரணம்னுதான் எழுதுவாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றிருந்தாள். "முடியலன்னு எழுதுங்க" என்றாள்.

அப்பா குனிந்து, அழகான கையெழுத்தில், 'எங்கள் இருவருக்கும் முடியவில்லை' என்று எழுதினார்.

கிளார்க் வாங்கிப் படித்தார். "விண்ணப்பதாரர் நீங்க ஒருத்தர்தானே சார்? இருவருக்கும்னு வேணாமே."

"இருக்கட்டும் சார்" என்றார் அப்பா.

கிளார்க் அம்மாவின் கால் கட்டைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார்.

திரும்பி வரும்போது மேம்பாலத்தில் ஏறி இறங்கியதில் அம்மாவுக்குக் கால் வலி எடுத்தது. முதல் பிளாட்பாரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில். கூட்டமில்லை. கொய்யாப்பழக் கூடைக்காரி ஒருத்தி தூணோரம் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தலை சாய்ந்தது. ஒரு தடவை நிமிர்ந்தார், மறுபடி சாய்ந்தது. அத்தனை பேர் நடந்து போகிற இடத்தில், காக்கிச் சட்டையோடு, அம்மாவின் தோளில் தலையை வைத்துத் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, அப்பாவ எழுப்பட்டுமா?"

"வேணாம்டி" என்றாள் அம்மா. தோளை அசைக்காமல், கட்டுப் போட்ட காலை மட்டும் மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டாள். "தூங்கட்டும்."